18,000 பேர் பார்த்தார்கள், பில் எங்கே?

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அப்பா காலத்தில் சுவரெழுத்து, தியேட்டர் ஸ்லைடு, ஆடிக்கு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஒரு சுற்று, அவ்வளவுதான் விளம்பரம். நான் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நாளுக்கு 300 ரூபாய் போடுகிறேன். போன வாரம் 18,000 பேர் பார்த்ததாகக் காட்டியது. கல்லாவில் அதற்கான அடையாளமே இல்லை. "வருஷம் பூரா நின்ன சுவருக்கு ஒரே ஒரு தடவைதான் காசு குடுத்தேன்" என்கிறார் அப்பா. பழைய வழிக்கே திரும்பிவிடலாமா? இனி எல்லாம் ஏஐ என்கிறார்களே, எங்களைப் போன்ற கடைகளின் கதி என்ன?

பி., குடியாத்தம்

அன்புள்ள பி.,

அப்பாவின் கணக்கு சரிதான். ஆனால் அவர் வாங்கிய சரக்கு வேறு, நீங்கள் வாங்குவது வேறு. அவர் இடத்தை வாங்கினார். எழுத்து நிற்கிறதா, மேலே எவனாவது போஸ்டர் ஒட்டிவிட்டானா என்று சைக்கிளில் ஒரு நடை போனால் தெரிந்துவிடும். நீங்கள் வாங்குவது ஆட்களின் பார்வை. அது யார்மேல் விழுந்தது என்பதை விற்றவனே எண்ணி விற்றவனே சொல்கிறான். விளம்பரத்தில் நடந்த பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான். காகிதம் போய் திரை வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

'பார்த்தார்கள்' என்றால் என்ன? விளம்பரத் துறையின் பொது அளவுகோலில், படத்தின் பாதி ஒரு நொடி திரையில் தெரிந்தாலே பார்க்கத்தக்கது என்று கணக்கு. வீடியோவுக்கு இரண்டு நொடி. கட்டைவிரல் தள்ளிக்கொண்டு போகும் வேகத்தில் உங்கள் பட்டுப்புடவை வந்து போனதும் அந்த 18,000-க்குள் அடக்கம்.

சுவருக்கும் இந்த நொடிக்கணக்கு உண்டு. 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் மூன்று நொடியில் 50 மீட்டர் தாண்டும், அதாவது சுமார் 164 அடி. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது எழுத்து உயரத்துக்கான பழைய வழக்கு. அப்படியானால் 16 அங்குல எழுத்து வேண்டும். அந்த மூன்று நொடியில் ஐந்தாறு சொல்தான் மனதில் ஏறும். கடைப்பெயர், என்ன கடை, எந்தத் தெரு, அதோடு நிறுத்திவிட வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'கி' மேலே கொம்பு விடும், 'கு' கீழே வால் விடும். அதனால் உயரத்தை 'க' என்ற எழுத்தின் உடம்பில் அளந்து, வரிக்கு வரி பாதி உயரமாவது இடைவெளி விடவேண்டும். சுண்ணாம்பு இரண்டு கை அடித்துக் காயவைத்து, நூலில் கலர்பொடி தோய்த்து இருவர் இழுத்துப் பிடித்துத் தட்டி நேர்கோடு போட்டு எழுதிய சுவர்களில் இந்த இடைவெளி பிசகுவதில்லை. கம்ப்யூட்டரில் தட்டி ஃப்ளெக்ஸில் அடித்ததும்தான் கொம்பும் வாலும் முட்டிக்கொண்டன.

ஃப்ளெக்ஸ் மலிவு, ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். அதன் ஆபத்து காற்றில். எட்டுக்குப் பத்தடி பேனர் 80 சதுர அடி. 60 கி.மீ. வேகக் காற்று நேராக அடித்தால் குறைந்தது 125 கிலோ பாரம் அதைத் தள்ளுகிறது. சவுக்குக் கழியும் கட்டுக்கம்பியும் எத்தனை நாள் தாங்கும்? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி அவர் இறந்தார். பழைய வழிக்குத் திரும்புவதானால் சுவருக்குத் திரும்புங்கள், உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு. பேனருக்கு வேண்டாம்.

இனி உங்கள் 300 ரூபாய். இது போகிற ஓட்டைகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது ஓட்டை, விளம்பரம் காட்டப்படும் வட்டம். ஊர்ப்பெயரைத் தேர்ந்தெடுத்தால் சுற்றி 40 கி.மீ. வரை தானாகச் சேர்ந்துகொள்வதுண்டு. குடியாத்தத்திலிருந்து 40 கி.மீ. என்றால் வேலூர், ஆம்பூர் மட்டுமா, ஆந்திரத்தின் பலமனேரும் சித்தூரும்கூட உள்ளே வந்துவிடும். சித்தூர்க்காரர் இரண்டு சேலை எடுக்கக் குடியாத்தம் வருவாரா? கடைமேல் ஊசியைக் குத்தி வட்டத்தை 18 கி.மீ. ஆக்குங்கள். கே.வி.குப்பமும் பேரணாம்பட்டும் அதில் அடங்கும், பரப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வடக்கே எல்லை தாண்டி விழும் பகுதியை 'விலக்கு' என்று குறித்துவிடலாம்.

இரண்டாவது ஓட்டை, விளம்பரத்தின் நோக்கம். 'பூஸ்ட்' பொத்தானை அழுத்திவிட்டு லைக் கேட்டால், லைக் போடுவதையே வழக்கமாக வைத்திருப்பவர்களாகப் பொறுக்கி எடுத்து அது காட்டும். அவர்கள் அடுத்த கடைக்கும் லைக் போடுவார்கள். நோக்கத்தை வாட்ஸ்அப் செய்தி அல்லது போன் அழைப்பு என்று மாற்றுங்கள். எண்ணிக்கை சடாரென்று விழும், பயப்பட வேண்டாம்.

கூகுளில் போட்டால் இன்னொரு இடறல். இடம் பற்றிய அமைப்பில், அந்த ஊரில் இருப்பவரோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவரையும் சேர்த்தே அது வைத்திருக்கும். வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுக்கு அது வரம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரப்போகிறவர் கொல்கத்தாவில் உட்கார்ந்துதான் அறை தேடுகிறார். (அந்தப் பக்கத்து லாட்ஜ், மருந்துக்கடைப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது கூகுளைக் கேட்டா?) உங்களுக்கு அது நஷ்டம். 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் எண்ணுவது அவர்கள்தான். ஆகவே நீங்களும் எண்ண வேண்டும். துண்டு நோட்டீஸில் இதற்குப் பழைய வித்தை உண்டு: நெல்லூர்பேட்டைக்கு ரோஸ் காகிதம், பிச்சனூருக்கு மஞ்சள். நோட்டீஸோடு வந்தால் தள்ளுபடி என்று போட்டால், மாலையில் கல்லாவில் சேர்ந்த நிறங்களே எந்தத் தெரு வேலை செய்தது, எந்தப் பையன் நோட்டீஸ் கட்டைச் சாக்கடையில் போட்டான் என்று சொல்லிவிடும். போன் விளம்பரத்துக்கும் அதுபோல, கடையில் சொன்னால் தள்ளுபடி என்று ஒரு சொல் வையுங்கள். அந்தச் சொல்லை வேறெங்கும் அச்சடிக்காதீர்கள்.

அடுத்து, இரண்டு வாரம் விளம்பரம், இரண்டு வாரம் நிறுத்தம் என்று மாற்றி மாற்றி இரு சுற்று ஓட்டி, பில்களின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டால் முகூர்த்தத்தின் வேலையெல்லாம் விளம்பரத்தின் வேலையாகத் தெரியும். ஒரே மாதிரியான வாரங்களாக எடுங்கள், சம்பள வாரம் இரு பக்கமும் வரட்டும்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். படம் செய்வது இனி சல்லிசு, அதுவே வம்பு. இல்லாத ஜரிகையை அது நெய்து காட்டும். கடையில் அந்தச் சேலை இல்லையென்றால் அது ஏமாற்று விளம்பரம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கையிருப்பு இல்லாமல் '199 ரூபாய் சேலை' என்று தூண்டில் போடுவதும் 2022 வழிகாட்டு நெறிகளின்படி தவறு. விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கும் ஆடித் தள்ளுபடியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கலாக எனக்குப் படுவது வாடிக்கையாளர் எண்கள். பில் போடும்போது வாங்கும் போன் நம்பரை விளம்பரத்துக்குப் பயன்படுத்த, 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவான சம்மதம் கேட்கிறது. பில் புத்தகத்தில் தனியாக ஒரு கட்டம் அடித்து, "புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கலாமா?" என்று கேட்டு டிக் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கே போகும். டிக் போடும் கையோடு அவர் போனில் கடைப்பெயரையும் பதியச் சொல்லுங்கள்.

கடைசியாக, கேட்கும் விதம். "விளம்பரம் பார்த்து வந்தீங்களா?" என்றால் முகத்துக்காக ஆமாம் என்பார்கள். பில் முடிந்து பையைக் கையில் கொடுக்கும்போது, "நம்ம கடை எப்படிங்க தெரியும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை அப்போதே பில்லின் ஓரத்தில் ஒற்றை எழுத்தாகக் குறிக்கட்டும்: சு, நோ, போ. யாரோ சொல்லி வந்தவருக்கு 'சொ'. நாலு வாரம் கழித்து அந்த நாலு எண்களையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம்.