கந்தமாதனத்திலிருந்து கடல் தெரியவில்லையா?

கந்தமாதன பர்வதத்தில் ஏறியும் கடல் தெரியவில்லை, இடம் மாறிப் போய்விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏறியது சரியான இடம்தான். ராமேஸ்வரம் தீவில் கந்தமாதன பர்வதத்தைவிட உயரமான மேடு கிடையாது, வேறு மலை தேட வேண்டாம். ராமர் பாதத்தை வணங்கிவிட்டுக் கீழ்த்தளத்திலிருந்தே திரும்பியிருந்தால், அடுத்த முறை மண்டபத்தின் மேல்தளத்துக்கும் ஏறுங்கள்.

உச்சி வெயிலில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த நேரம் கடலும் வானமும் ஒரே வெளுப்பாகிவிடும்.

மேலே நின்று முதலில் தென்கிழக்கே பாருங்கள். சுமார் 3 கி.மீ. தள்ளி ராமநாதசுவாமி கோயில் கோபுரம் இருக்கிறது. அதுவோ, 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரமோ மங்கலாகத் தெரிந்தால் கடலும் அன்று பிடிபடாது. விடிந்ததும் நடையைத் தொடங்கினால், வழியில் சாட்சி அனுமார் கோயிலையும் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். நடந்தே போங்கள், உடைமரக்காடும் மணலுமாக இருக்கும் அந்த வழியை ஆட்டோவில் கடந்துவிடுவது பெரிய இழப்பு.

எவ்வளவு தெளிவான நாளானாலும் இலங்கை தெரியாது. தனுஷ்கோடி முனையிலிருந்தே தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ. ராமர் கந்தமாதனத்தில் நின்று இலங்கையை நோக்கினார் என்பது தலத்தின் ஐதீகம். அந்த நினைவோடு ஏறுங்கள், கரையைத் தேடி ஏமாறாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டம் இருக்கும். செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும், பகலில் படிக்கல் சுடும். பெரியவர்களைக் கூட்டிப்போனால் கவனம்.