பழைய ஜிப்சியில் முன் புரோப்பலர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: 2003 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஜீப். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. ஃபோர் வீல் போட்டால் லீவர் திரும்பி வர மறுக்கிறது. மெக்கானிக், "முன் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுடலாம், தொல்லை தீர்ந்துடும், மைலேஜும் ஏறும்" என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும், இன்ஜின் இழுவையை முன் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற அந்த ஷாஃப்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. ஜிப்சி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ரோடு, மலைரோடு என்று ஓட்டுகிறவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டினாலும் பதில் மாறாது.

முதலில் லீவர் சிக்குவதைப் பார்ப்போம். ஜிப்சி எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் இல்லை; வேண்டும்போது மட்டும் லீவர் போட்டு முன் சக்கரத்தையும் சேர்க்கிற பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரை ஃபோர் எச்சில் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். உங்கள் லீவர் சிக்குவதன் மூலகாரணமே இதுதான்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. அப்படியென்றால் முன் ஆக்சில் கூடுதலாகச் சுற்ற வேண்டும்; ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் விடாது. சேற்றிலும் சரளையிலும் ஏதாவது ஒரு டயர் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் டயர் சறுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியர்ப் பல்லிலும் ஏறி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர்களை இணைக்கிற ஸ்லீவ் (நகரும் வளையம்) அந்த அழுத்தத்தில் இறுகிப்போகும், லீவர் அசையாது. மழை பெய்தால் தார் ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டு ஓட்டலாம் என்று வீடியோவில் சொல்கிறார்களே, அதைக் கேட்காதீர்கள்.

வளைவே இல்லாத நேர் ரோட்டிலும் இது நடக்கும், டயர் அளவு ஒத்துப்போகவில்லை என்றால். 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். பின்னால் புது டயரும் முன்னால் 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரும் இருந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டரும், சுற்றளவில் கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டரும் வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்கு டயர் 476 சுற்றுச் சுற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 18 மீட்டர் இடிக்கிறது. அந்த 18 மீட்டரை யாரோ ஒருவர் சறுக்கியோ முறுக்கியோ ஈடுகட்ட வேண்டும். செலவைச் சுருக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுகிற பழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. நாலுக்கும் ஒரே காற்று அடித்து, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் டேப்பால் அளந்துவிடுங்கள். நாலும் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் என் கணக்கில் சரி. அதற்கு மேல் போனால் டயரை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள்.

சிக்கிய லீவரை இழுத்து உடைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் ரிவர்ஸில் வாருங்கள். ஏறிய முறுக்கு அவிழும். கிளட்சை மிதித்துக்கொண்டு லீவரைத் தள்ளினால் தானாக வரும். வரவில்லையென்றால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி மறுபடி செய்யுங்கள். இத்தனைக்குப் பிறகும் வராவிட்டால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் மூன்று ரப்பர் மவுண்ட்கள். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக சேஸியில் தொங்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். மவுண்ட் ரப்பர் வெடித்தால் மொத்தக் கேஸும் சாய்ந்துவிடும். லீவர் சரியாக விழாது, ஃபோர் எல் (நாலு சக்கர இழுவை, மெதுவான லோ கியர்) தானாக வெளியே குதிக்கும், கிளட்ச் விடும்போது கீழே 'டக்' என்று அடிக்கும்.

இனி ஸ்டீயரிங் உதறல். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இந்த ஒரு கோளாறுக்காக எத்தனையோ நல்ல ஜிப்சிகளை முன் ஷாஃப்ட் இல்லாத கட்டைவண்டியாக்கி விற்றிருக்கிறார்கள்.

முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்க வேண்டாம். டயரின் மேலேயும் கீழேயும் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சின் பேரிங். அடுத்து இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்டு, டிராக் லிங்க் தேய்மானம் தெரியும். கூடவே பட்டை ஸ்பிரிங் புஷ்களையும், ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கிற ஷாக்கிளையும் ஒரு கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். இதெல்லாம் முடியாமல் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தைத் தணிக்கிற ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டாதீர்கள். அது உதறலை மறைக்கும், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

இத்தனை வயதான ஜிப்சியில் பெரும்பாலும் கிங் பின் பேரிங்தான் மாட்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, சின்ன டேப்பர் ரோலர் பேரிங். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு. வண்டி வாழ்நாள் முழுக்க நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் நின்று நின்று அவுட்டர் ரேஸில் (ரோலர்கள் உருளுகிற வெளிவளையம்) குழி விழுந்துவிடும். கழற்றி விரல்நகத்தால் வருடினாலே வரிவரியாகத் தட்டுப்படும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கிறதே என்று அந்த ரேஸை விட்டுவைத்துப் பேரிங்கை மட்டும் மாற்றினால் சீக்கிரமே பழைய உதறல் திரும்பும்.

வேலை இப்படிப் போகும். வீல், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் வரிசையாகக் கழற்ற வேண்டும். ஆக்சில் ஷாஃப்டை, சக்கரம் திரும்பினாலும் சுற்ற விடுகிற அதன் ஜாயிண்டோடு வெளியே உருவ வேண்டும். நக்கிளின் (கிங் பின்னில் திரும்புகிற, சக்கரத்தைத் தாங்குகிற பாகம்) உள்பக்கம் எட்டு போல்ட்டில் ஒரு சீல் பிளேட் இருக்கும். அதன் உள்ளே ஃபெல்ட், ரப்பர், இரும்பு என்று அடுக்காக வரும், அந்த வரிசையை போட்டோ எடுத்து வையுங்கள். கிங் பின்களைக் கழற்றும்போது மேல் ஷிம், கீழ் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடுகள்) எத்தனை என்று தனித்தனியாகக் கட்டி வையுங்கள். புதுப் பேரிங், புது ரேஸ் ஏற்றி, சீலும் ஷாஃப்டும் மாட்டாமல் நக்கிளை மட்டும் பூட்டிவிட்டு, டை ராட் எண்டு மாட்டுகிற ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்குகிற நேரத்தில் தராசு 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஷிம்மை எடுங்கள், அதிகமாகக் காட்டினால் சேருங்கள். மீன்கடைத் தராசு போதும், தனி டூல் வேண்டாம். இந்த அளவைப் பார்க்காமல் "கைக்கு டைட்டா இருக்கு" என்று பூட்டுவதால்தான் பேரிங் மாற்றிய பிறகும் உதறுகிறது என்று பலர் புலம்புகிறார்கள்.

அவ்வளவு தூரம் கழற்றிய பிறகு ஆக்சில் குழாயின் முனையில் இருக்கிற ஆயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். அந்தச் சீல் போனால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து ஜாயிண்ட் கிரீஸைக் கரைத்துவிடும். நக்கிள் உருண்டையின் அடியில் கறுப்பாகச் சொட்டுவது அதுதான். ஜாயிண்டை டீசலில் கழுவிக் காயவைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸை பந்துகளுக்கு இடையில் விரலால் திணித்து நிரப்புங்கள். ஃபோர் வீலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது 'கட கட' சத்தம் கேட்டிருந்தால் அந்த ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. மாற்று ஷாஃப்ட் வாங்கும்போது வண்டியின் வருஷத்தைச் சொல்லி வாங்குங்கள். 1993க்கு முந்தைய ஜிப்சியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையிலான அகலம் 90 மில்லிமீட்டர் குறைவு, அந்த ஷாஃப்ட் உங்கள் ஆக்சிலில் உட்காராது.

சீல் ஏன் போகிறது என்பதையும் பாருங்கள். ஆக்சில் மேலே சின்னதாக ஒரு பிரீதர் மூடி இருக்கும். சேறு அடைத்தால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். தண்ணீரில் இறக்கினால் நேர் எதிர்: சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து வெளித்தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் அன்றே மாற்றியாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லிஃப்ட் பண்ணிய (உயரத்தைக் கூட்டிய) ஜீப்பைக் காட்டோடைக்குள் இறக்கி, நடுவில் நிறுத்தி, கழுவி, வீடியோ எடுக்கிறார்கள். ஆக்சில் ஆயிலும் கிரீஸும் கலந்த அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர்கள் குடிக்கின்றன. ஓடையைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் கடந்து போங்கள். விளையாட அது இடம் இல்லை. லிஃப்ட் பற்றியும் அதேதான்: முன்னால் நீள ஷாக்கிள் போட்டு உயர்த்தினால் ஸ்பிரிங்கின் முன்முனை இறங்கி ஆக்சில் முன்னோக்கிச் சாய்கிறது, கேஸ்டர் (கிங் பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைகிறது, ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலைகிறது. உங்கள் வண்டியை வாங்கும்போதே அப்படி உயர்த்தியிருந்தால் உதறலுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய ஷாக்கிளைத் தேடி மாட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் ஆர்.சி.யில் இருக்கிற அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது.

இப்போது மெக்கானிக் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் கணக்கு தப்பு. உங்கள் முன் சக்கர ஹப்பில், சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்புகிற லாக் இல்லாமல் நிரந்தர ஃபிளான்ஜ் இருந்தால், புரோப்பலர் ஷாஃப்டைக் கழற்றினாலும் முன் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டையும் டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் கியர்களையும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மைலேஜ் எங்கிருந்து ஏறும்? லாக் இருந்தால் அதை ஃப்ரீயில் வைத்தாலே முன்பக்கம் மொத்தமும் நின்றுவிடும், கழற்றவே வேண்டாம். அப்படி ஃப்ரீயில் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை லாக் பண்ணி, லீவரை டூ எச்சிலேயே (பின் சக்கர இழுவை மட்டும்) விட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல் பல்லுக்கு ஆயில் ஏறாமல் துரு பிடிக்கும்.

பெரிய ஆபத்து ஃபோர் எல்லில் இருக்கிறது. கிங்கின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை விகிதம் 1.409, லோ 2.268, இழுவை 1.6 மடங்கு கூடுகிறது. அந்த இழுவை இரண்டு ஆக்சிலுக்குப் பிரிந்து போகும் என்ற நம்பிக்கையில்தான் லோவை ஃபோர் வீலோடு மட்டும் வைத்திருக்கிறார்கள். முன் ஷாஃப்ட் இல்லாமல் லோ போட்டால் முழுச் சுமையும் பின் ஷாஃப்டில் இறங்கும். இறக்கத்தில் இன்ஜின் பிடிமானமும் பின் சக்கரத்துக்கு மட்டும் கிடைக்கும். ஈர மண்ணில் பின்பக்கம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பும்.

ஆயில் விஷயம் சுருக்கமாக. கியர்பாக்ஸுக்கு சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் டிஃபரன்ஷியலுக்கு 2.0, பின்னுக்கு 1.5. முதல் இரண்டுக்கும் ஜி.எல்.4 தரக் கியர் ஆயில், டிஃபரன்ஷியல்களுக்கு ஜி.எல்.5. எல்லாவற்றுக்கும் ஒரே டின்னை ஊற்றாதீர்கள், ஜி.எல்.5இல் இருக்கிற கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை ரிங்குகளை அரிக்கும். வடிக்கும் முன்னால் ஊற்றுகிற பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் ஓட்டையில் வழியும்வரை ஊற்றினால் அதுதான் அளவு.

எல்லாம் முடிந்ததும் ஃபோர் வீல் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஃபோர் எச் போடுங்கள். ஹப் லாக்கில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், முன் புரோப்பலர் ஷாஃப்ட் அசையக் கூடாது. ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடிக்கவில்லை. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றினால் ஹப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் எக்காரணம் கொண்டும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கியர் போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டீயரிங் அமைதியாகி, வண்டியின் உள்தரையில் மட்டும் ஒரு அதிர்வு மிச்சம் இருந்தால், அப்போது முன் புரோப்பலர் ஷாஃப்டைக் கழற்றலாம், சோதனைக்காக மட்டும். கழற்றும் முன் ஃபிளான்ஜ் இரண்டு பக்கமும், ஸ்லிப் ஜாயிண்டிலும் (ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல் இணைப்பு) பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். ஒரு பல் தள்ளி ஏற்றினாலும் புதிதாக ஓர் அதிர்வு வரும். கழற்றி ஓட்டும்போது அதிர்வு போய்விட்டால் ஷாஃப்டின் இரு முனை மூட்டிலும் இருக்கிற கிராஸ் இரண்டையும் மாற்றி, ஷாஃப்டை பேலன்ஸ் பண்ணுகிற லேத்துக்குக் கொடுத்து, கோட்டுக்குக் கோடு வைத்துத் திரும்ப மாட்டுங்கள்.