ஆங்கிலம் கடன் வாங்கிய சொற்களை எப்படித் தன் சொற்களாக மாற்றிக்கொண்டது?

கடனுக்கான ஆங்கிலச் சொல்லை 'டெட்' என்றுதான் சொல்கிறோம், எழுதும்போது மட்டும் நடுவில் ஒரு 'பி' ஏன், கடன் வாங்கிய சொற்களை ஆங்கிலம் இப்படித்தான் மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. பிற்காலத்தில் லத்தீன் படித்தவர்கள் அதன் மூலம் 'டெபிடும்' என்பதைக் காட்டுவதற்காக எழுத்தில் சேர்த்தார்கள். மக்கள் வாய் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாம் அடிக்கடி சொல்லும் 'டவுட்' கதையும் இதுதான். 'ஐலண்ட்' விஷயத்தில் நடந்தது சுத்தத் தவறு. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பிரெஞ்சு, லத்தீன் உறவு இருப்பதாக நினைத்து நடுவில் ஒரு 'எஸ்' சொருகிவிட்டார்கள், இன்றுவரை பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

பிரெஞ்சு எப்படி உள்ளே வந்தது? 1066இல் வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசரானார். அரண்மனை, நீதிமன்றம், நிலவுடைமை எல்லாம் பிரெஞ்சு பேசுபவர்கள் கைக்குப் போயின. கோர்ட், ஜட்ஜ், ஜூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டு தடவை வாங்கியிருக்கிறது. மிக்சி வாங்கும்போது கடைக்காரர் வாரண்டி வேறு, கேரண்டி வேறு என்று விளக்குகிறார் அல்லவா? பிறப்பில் இரண்டும் ஒன்றுதான். நார்மண்டிப் பேச்சில் 'வ' என்று தொடங்கிய பல சொற்கள் பாரிஸ் பக்கப் பிரெஞ்சில் 'க' என்று தொடங்கின. முதலில் ஒன்று வந்தது, பிறகு மற்றது. ஒன்றைக் கழித்துக்கட்டாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருள் கொடுத்துவிட்டார்கள். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் வார்டன், கார்டியன் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்த இரு பெயர்களும் இதே மாதிரி ஜோடிதான்.

சீஃப் மினிஸ்டரின் 'சீஃப்', ஓட்டல் சமையலறையின் 'செஃப்' இரண்டுக்கும் தலை, தலைவர் என்ற ஒரே பிரெஞ்சுச் சொல்தான் மூலம். முன்னது இடைக்காலத்தில் வந்தது, அதனால் பழைய பிரெஞ்சு உச்சரிப்பின் அழுத்தமான 'ச்' அதில் தங்கிவிட்டது. அப்புறம் பிரெஞ்சிலேயே அந்த ஒலி 'ஷ்' என்று மெலிந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டாம் முறை வாங்கியபோது அந்த மெல்லிய ஒலியோடு வந்தது. ஒரு சொல் எப்போது குடியேறியது என்று அதன் ஒலியை வைத்தே பல நேரம் சொல்லிவிடலாம்.

பிரெஞ்சு மட்டுமல்ல, அதற்கு முன்பே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியே வந்து குடியேறிய வைக்கிங்குகளிடமிருந்தும் நிறைய வந்தது. 'தே', 'தெம்' என்ற பிரதிப்பெயர்கள்கூட அவர்கள் தந்தவை. பிரதிப்பெயரையே ஒரு மொழி கடன் வாங்குவது அபூர்வம். முட்டைக்கான 'எக்' அவர்களுடையது. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதியது இது: காற்றில்லாமல் கப்பல் நின்றுபோக, சில வணிகர்கள் கரையேறி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்டார்கள். ஒருவர் 'எக்' என்ற சொல்லைப் போட்டு முட்டை கேட்க, அந்த வீட்டுப் பெண் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். தனக்கும்தான் தெரியாது என்று கேட்ட வணிகருக்குக் கோபம். இன்னொருவர் 'எய்ரன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லைச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் நிலைத்தது வந்த சொல்தான், சொந்தச் சொல் போய்விட்டது.

வாங்கிய சொல்லை ஆங்கில இலக்கணம் சும்மா விடாது. 'செரி' பழத்தின் பெயர் நார்மன் பிரெஞ்சில் 'ஸ்' ஒலியோடு முடியும் ஒருமைச் சொல். அந்த ஒலியைப் பன்மை விகுதி என்று எடுத்துக்கொண்டு வெட்டி ஒருமை செய்தார்கள். 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. முன்னால் வரும், 'ஒரு' என்று பொருள்படும் 'எ' அந்த 'ந'வை இழுத்து 'ஆன்' ஆக்கிக்கொண்டது.

தமிழ்ச் சொற்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆங்கிலத்துக்குப் போனது உறுதி. ஆனால் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் 'காசு' என்று பலரும் பகிர்வது சரியில்லை. அது பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழியாகப் போய், ஆசியாவின் சிறு நாணயங்களைக் குறிக்கும் இன்னொரு 'கேஷ்' ஆயிற்று. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். மெட்ராஸுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த 1808ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தில் ரோம எண்ணில் 20 என்று போட்டு, பக்கத்தில் எழுதியிருப்பது அந்த 'கேஷ்'தான்.