முத்திரை சேக்குறவங்க கேள்விக்கு பதில்

நுவரெலியா தம்பி: தாத்தா ஆல்பத்துல ராஜா தலையும் கோட்டையும் போட்ட 1935 சிலோன் முத்திரை இருக்கு அண்ணே, நல்ல வெலைக்கு போகுமா?

அது ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரோட வெள்ளி விழா முத்திரை. 6, 9, 20, 50 சதம்னு நாலு வந்துச்சு, கோட்டை இங்கிலாந்துல உள்ள வின்ட்சர். நாப்பதுக்கும் மேல காலனிகளுக்கு இதே டிசைன்ல நாட்டு பேரையும் வெலையையும் மாத்தி அடிச்சாங்க, அதனால நெறைய கெடக்கு, பெரிய காசு எதிர்பாக்காதீங்க. ஆனா உறையோட இருந்து, அதுல நம்ம மலைப்பக்க தபால் கந்தோர் சீல் தெளிவா விழுந்திருந்தா முத்திரைய மட்டும் பிச்சு எடுத்துறாதீங்க, அப்படியே வைங்க, ஊர் கதையே அதுலதான் இருக்கு.

ஹட்டன் தங்கச்சி: போர்க்கப்பல் கூடுறதுக்கெல்லாம் முத்திரை வந்திருக்கா?

வந்திருக்கும்மா. 2001ல மும்பையிலயும் 2016ல விசாகப்பட்டினத்துலயும் நடந்த கப்பல் அணிவகுப்புக்கு இந்தியா வெளியிட்டுச்சு. எனக்கு புடிச்சது பழைய கதை. வெள்ளக்காரங்க 1607ல வர்ஜீனியாவுல ஜேம்ஸ்டவுன்ல குடியேறி 300 வருஷம்னு 1907ல அமெரிக்கா பெரிய கண்காட்சி வச்சு, பக்கத்து கடல்ல பல நாட்டு கப்பல்கள நிறுத்தி காட்டுனாங்க. அதுக்கு மூணு முத்திரை, 1 சென்ட்ல குடியேறுனவங்க தலைவர் ஜோன் ஸ்மித், 2 சென்ட்ல குடியேறுன காட்சி, 5 சென்ட்ல அந்த மண்ணோட பூர்வகுடிப் பொண்ணு போகஹொன்டாஸ். அந்த வருஷக் கடைசியில அங்கருந்தே அமெரிக்காவோட 16 போர்க்கப்பல் உலகம் சுத்த கெளம்பி, 1908 டிசம்பர்ல நம்ம கொழும்புக்கும் வந்துச்சு! அப்ப மாலுமிங்க இங்கருந்து போட்ட போஸ்ட் கார்ட் ஏதாச்சும் கண்ணுல பட்டா விட்றாதீங்க.

தலவாக்கலை அக்கா: கொழுந்து எடுக்குற பொம்பள படம் போட்ட முத்திரை எப்ப வந்தது?

9 சதத்துல கொழுந்து எடுக்குற படம் வெள்ளக்காரன் காலத்துலயே 1935 வாக்குல வந்துருச்சு. அப்புறம் தேயிலைக்கு 100 வருஷம்னு, ஜேம்ஸ் டெய்லர்ங்குற வெள்ளக்காரர் லூல்கந்துர தோட்டத்துல 1867ல தேயிலை போட்டத கணக்கு வச்சு, 1967ல நாலு முத்திரை விட்டாங்க. 4 சதத்துல கொழுந்து எடுக்குறது, 1 ரூபால தேயிலை கப்பல் ஏறுறது. இத நான் ஆல்பத்துல தனிப் பக்கமா வச்சிருக்கேன் அக்கா, ஏன்னா 1948 சட்டத்துல தோட்டத்துல வேல செஞ்ச நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க குடியுரிமை போச்சு, இந்தியாவோட போட்ட 1964 ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்ப முடிவாச்சு, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு அதே கொழுந்துக் கூடைய முத்திரையில போட்டு விழா எடுத்திருக்காங்க. பாக்குறப்பல்லாம் நெஞ்சு அடைக்குது.

பண்டாரவளை தம்பி: பனிக்கு பசை ஒட்டிக்கிது, என்ன செய்ய?

ஆல்பத்த படுக்க வைக்காம நிமித்தி வைங்க, பக்கத்துக்கு நடுவுல வழவழன்னு இருக்குற மெல்லிசு கண்ணாடிப் பேப்பர், பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல். பசையோட உள்ள முத்திரைய மட்டும் தண்ணில போட்றாதீங்க.