கூன் போட்டு உட்காருவதால் உடல்நலம் உண்மையிலேயே கெடுமா? அதைச் சரிசெய்வது எப்படி?

நெடுநேரம் அப்படியே இருந்தால் கெடலாம். ஆனால் முதுகை நிமிர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி நான் மேலும் சில வாரங்கள் வலியில் தவித்தேன். அந்தத் தவறு உங்களுக்கு நேர வேண்டாம்.

நான் பிழைதிருத்துபவன். நாள் முழுவதும் மடிக்கணினிமுன் குனிந்தபடி வேலை. முதலில் பிடரியில் இறுக்கம், அடுத்துத் தோள்பட்டை, பிறகு மாலையானால் பின்மண்டையில் வலி. கூன்தான் காரணம் என்று முடிவுகட்டி விறைப்பாக உட்கார்ந்தேன். இரண்டே வாரத்தில் இடுப்பும் வலிக்கத் தொடங்கியது.

விளக்கம் சொன்னவர் ஓர் இயன்முறை மருத்துவர். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால் சாயச் சாய, விழாமல் இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரித் தசைகளுக்குக் கூடுகிறது. நீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். விறைப்பாக நிமிர்ந்தாலும் தசைகள் ஓய்வின்றி இறுகித்தான் கிடக்கின்றன, இடம்தான் வேறு. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகமிகக் குறைவு; சுற்றிலுமிருந்து ஊறிவரும் ஊட்டத்தை நம்பியே அவை இருக்கின்றன. அதற்கு அசைவு துணைசெய்கிறது. ஆகவே எந்த நிலையில் உட்கார்கிறோம் என்பதைவிட, ஒரே நிலையில் எவ்வளவு நேரம் உறைந்து கிடக்கிறோம் என்பதே பெரிய கேள்வி என்பேன்.

கூனல் கழுத்தோடு நிற்பதில்லை. குறுகி உட்கார்ந்தால் விலா எலும்புகள் தாராளமாக விரிய முடியாமல் மூச்சின் ஆழம் குறைகிறது. எதுக்களிப்பு உள்ளவர்கள் சாப்பிட்ட கையோடு வயிற்றை மடக்கி உட்கார்ந்தால் நெஞ்செரிச்சல் கூடலாம்.

எனக்குப் பலன் தந்தவற்றுள் முதலிடம் அரைமணிக்கு ஒருமுறை ஒலிக்கும் அலாரத்துக்கு. எழுந்து இரண்டு நிமிடம் நடப்பேன், அவ்வளவுதான். மடிக்கணினியைத் தடித்த அகராதிகள்மேல் வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். விசைப்பலகை தனியாக வாங்கினேன். பாதங்கள் தரையில் படிய, முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கும். கைபேசியை முகத்தருகே உயர்த்திப் பார்க்கிறேன். கை சலித்துவிடுவதால் பார்க்கும் நேரமும் குறைந்திருக்கிறது.

பயிற்சி ஒன்று: தலையைக் குனியாமலும் அண்ணாக்காமலும், மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து வினாடி அப்படியே நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை போதும். இதனுடன், ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்தேன். தசைக்கு வலு இல்லாமல் நினைவூட்டலால் மட்டும் நிமிர்ந்திருக்க என்னால் முடியவில்லை. மாற்றம் தெரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது, பொறுமை வேண்டும்.

கை கால் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ இந்தப் பயிற்சிகளை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.