ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் இரண்டு உறைகளின் மேல் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே எழுதியிருந்தது. 1989ல் பிரித்தார்கள், 2019ல் வேலூர் மாவட்டத்தை மறுபடி மூன்றாக்கினார்கள். எழுதியவர்களுக்கு ஐம்பது தாண்டியிருக்கும் என்று உறையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருடம் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டார்ச்சும் எழுத்து அட்டையுமாக ஒடுகத்தூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கமெல்லாம் சுற்றியவள். இங்கே மருந்து எழுத மாட்டேன். யார், எப்போது, எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

அக்கா, எனக்கு வயது 43. ஒரு வருடமாக அறுந்த இழையைப் பிணைக்கத் தடுமாறுகிறேன். பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கிப் போட்டேன். இழை தெரிகிறது, ஆனால் சாயங்காலம் தலை வலிக்கிறது. அந்தக் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடுமா?
— கைலி நெய்யும் வாசகி, குடியாத்தம்

கெடுக்காது. உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கிட்டப் பார்க்கும்போது உப்பிக்கொடுக்க வேண்டும். வயதாக ஆக அது விறைத்துப் போகிறது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்ட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். நம் கண்கள் அப்படி அளவெடுத்த ஜோடியாக இருப்பதில்லை. ஒன்றில் கொஞ்சம் கூடுதல், ஒன்றில் சாய்வுப் பவர் என்று ஏதாவது இருக்கும். தலைவலிக்கு அது காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணத்தைக் கண்ணாடிக் கடைக்காரர்களே மறந்துவிடுவார்கள். புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் பொதுவாகப் பவர் கொடுப்பார்கள். தறியில் உட்கார்ந்தால் இழை அதைவிடத் தள்ளி இருக்கும். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். தறியில் எப்போதும்போல உட்கார்ந்து, கண்ணுக்கும் இழைக்கும் எவ்வளவு தூரம் என்று உங்கள் நூலாலேயே அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். "இந்தத் தூரத்துக்குத் தெரியணும்" என்று சொல்லுங்கள். பீடி சுற்றுகிற பெண்களுக்கும் இதையேதான் சொல்லி அனுப்புவேன். முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறவர்களின் தூரம் வேறு.

150 ரூபாய்க் கண்ணாடியால் வரும் நஷ்டம் வேறு இடத்தில். இழை தெரிந்துவிட்டது என்று நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டீர்கள். கண் அழுத்தம் பார்க்க ஆரம்பிக்க வேண்டிய வயதும் இந்த நாற்பதுதான். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் புரை இன்னும் முற்றட்டும், வெயில் காலத்தில் வேண்டாம், கார்த்திகைக்கு மேல் பார்க்கலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது?
— விவசாயி, ஒடுகத்தூர்

சொந்தக்காரர்கள் சொல்வது பொய் இல்லை, பழசு. ஒரு காலத்தில் புரை முற்றினால்தான் எடுக்க வசதி. லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் சோடா புட்டிக் கண்ணாடி. உங்கள் தாத்தா போட்டிருந்திருப்பார்.

1949ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தார். உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளே தொந்தரவு செய்யாமல் கிடந்ததைப் பார்த்ததில் வந்த யோசனை அது. இன்று சின்னக் கீறல் போட்டு, உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் புரையை மட்டும் எடுத்து, அந்த உறைக்குள்ளேயே புது லென்ஸை உட்கார வைக்கிறார்கள். இதற்குப் புரை முற்றியிருப்பது வசதி இல்லை, தொல்லை. காய்ச்சிய கரும்புப் பாகு வெல்லமாக இறுகுவது மாதிரி புரையும் இறுகும். இறுகியதை உடைத்து எடுப்பது கடினம். சில பேருக்கு முற்றிய புரை வீங்கி அழுத்தத்தை ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவலி, வாந்தி என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

வெயில் விஷயம். வேலூரை 'வெயிலூர்' என்று கிண்டல் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். அக்னி நட்சத்திரம் முடியட்டும் என்று பார்த்தால் ஆடி, ஆடி போனால் நாற்று நடவு, அப்புறம் தீபாவளி. புண் சித்திரையிலும் ஆறும், மார்கழியிலும் ஆறும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட ஒரு ஆள் வீட்டில் இருப்பதுதான் முக்கியம். கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகையில் உட்காரக் கூடாது. வலி, சிவப்பு, பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1976ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் லென்ஸ் உட்பட இலவசம். உங்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

டாக்டர் பார்த்துப் புரை என்று சொன்னதால் உங்களுக்கு இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். நாமாகப் புரை என்று முடிவு கட்டுவது வேறு கதை. அந்தக் கதை என் வீட்டில் நடந்தது.

நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். அப்பா பேச்சுவாக்கில், "ஒரு பக்கம் புகை மூட்டமா கீதும்மா" என்றார். வயது அறுபத்து மூன்று, புரைதான் என்று நினைத்துக்கொண்டேன். "அறுப்பு முடியட்டும்ப்பா, கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னவள் நானேதான். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டின் மேல் மோதுவார். வயசாகிவிட்டது என்று சிரிப்போம். கடைசியில் கூட்டிப்போனபோது புரை கொஞ்சம்தான் இருந்தது. போனது நரம்பு. கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. இடது கண்ணில் பாதிக்கு மேல் போயிருந்தது, போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணைச் சொட்டு மருந்தால் கடைசிவரை காப்பாற்றினோம். ஊர் முழுக்கக் கண் பார்த்தவள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, ஓரத்திலிருந்து அரிக்கும். நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் எடுத்துக் கொடுத்துவிடும், அதனால் கண்ணுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. பொதுவாகக் கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். சிலருக்கு அதற்குள் இருந்தும் நரம்பு கெடும். அதனால்தான் டாக்டர் அழுத்தத்தோடு நரம்பையும் பார்க்கிறார். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். நானும் என் தம்பியும் வருடா வருடம் பார்த்துக்கொள்கிறோம்.

நெல் தூற்றும்போது கண்ணில் சுணை விழுந்தது. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டோம். மூன்று நாளாகச் சிவப்பு. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் கொஞ்சம் தேவலாம் போலிருக்கிறது.
— வாசகர், பள்ளிகொண்டா

உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. சுணையும் கரும்புத் தோகையும் கீறின கருவிழியில் பூஞ்சை இறங்கிவிடும். கடைக்காரர் தரும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், தேவலாம் போலவும் இருக்கும், உள்ளே பூஞ்சை மட்டும் உரம் போட்ட பயிர் மாதிரி வளரும். டார்ச் அடித்துப் பார்த்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நேரே கண் ஆஸ்பத்திரிதான். மணிக்கொரு தடவை என்று வாரக்கணக்கில் மருந்து ஊற்ற வேண்டியிருக்கும். அலுத்துக்கொண்டு நிறுத்தியவர்களுக்கு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பு மட்டும் வேறு கணக்கு. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்காரர்கள் கவனியுங்கள், வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பாட்டிகளும்தான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் ஓடுங்கள்.

சர்க்கரை வந்து 9 வருடம். பேப்பர் படிக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். எனக்கு எதற்குக் கண் டாக்டர்?
— வாசகர், வாலாஜாபேட்டை

பேப்பர் படிக்க முடிகிற காலத்திலேயே போவதற்குத்தான். சர்க்கரை விழித்திரையின் சின்ன ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கசிவு நடுப்பகுதிக்கு வரும்வரை எழுத்து தெளிவாகவே தெரியும். லேசரும் ஊசியும் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதை முழுசாகத் திருப்பித் தர அல்ல. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் டைப் 2 சர்க்கரைக்குக் கண்டுபிடித்த வருடமே ஒரு தடவை, அதன்பின் வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது பாக்கி.

கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதற்குப் போதாது. மருந்து விட்டுப் பாவையை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

பேத்திக்கு மூன்று வயது. லேசாக மாறுகண். அதிர்ஷ்டம் என்று விட்டுவிடச் சொல்கிறார் சம்பந்தி அம்மா.
— வாசகி, காட்பாடி

சம்பந்தி அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்த மாதமே காட்டுங்கள். விலகிய கண்ணின் படத்தை மூளை ஒதுக்க ஆரம்பித்துவிடும், அந்தக் கண் சோம்பேறியாகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் என்றால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் மூடி, வழிக்குக் கொண்டுவரலாம். அதற்கப்புறம் மிகவும் சிரமம். ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்டத்தானே. 1902ல் ஐடா ஸ்கடர் அம்மையார் திறந்த ஆஸ்பத்திரியின் பெயர் அது.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தால் ஒட்டுமா?
— மாணவர், திருப்பத்தூர்

ஒட்டாது. அவர் துண்டைத் தொட்டுவிட்டு உங்கள் கண்ணைக் கசக்கினால் ஒட்டும். பள்ளிக்கு லீவு வேண்டும் என்றால் வேறு காரணம் பாருங்கள்.

போன இதழில் நீங்கள் சொன்னபடி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். இடது கண்ணில் தேதியே தெரியவில்லை. வலி எதுவும் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்றும் தெரியவில்லை. ரத்தினகிரிக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி வேண்டுதல் இருக்கிறது. முடித்துவிட்டுப் போகலாமா?
— வாசகர், வயது 57, 'வட ஆற்காடு மாவட்டம்'

அந்த உறை உங்களுடையதுதானா!

வேண்டாம் ஐயா, இந்த வாரமே போங்கள். புரையாக இருந்தால் நல்லது, எடுத்துவிடலாம். வேறு எதுவாக இருந்தாலும் காவடிக்கு முன்னால் தெரிந்துகொள்வதே மேல். இதற்கிடையில் கண் முன்னால் திடீரென்று கறுப்புப் பூச்சி நிறையப் பறந்தாலோ, மின்னல் அடித்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி இருந்தாலோ வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். விழித்திரை விலகுவதன் அடையாளம் அது.

போகும்போது பழைய கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, துணைக்கு ஒரு ஆள். வெறும் கண்ணாடிச் சீட்டோடு அனுப்பப் பார்த்தால், "அழுத்தம் பார்த்தீங்களா, நரம்பு பார்த்தீங்களா" என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.