ஜங்கிள் இசையில் வரும் மூடுபனி மாதிரியான சிந்த் பேடை எப்படி உருவாக்குவது?

"மூன்று லேயர் போட்டேன், ரிவெர்பைக் கூட்டினேன், ஆனாலும் என் பேட் சர்ச் ஆர்கன் மாதிரியே இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது. (புதியவர்களுக்கு: பேட் என்றால் பாட்டின் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் சத்தம். ஜங்கிள் என்றால் பழைய டிரம்ஸ் துண்டுகளை வெட்டி ஒட்டி வேகமாக ஓடவிடும் நடன இசை. ரிவெர்ப் என்றால் பெரிய கூடத்தில் எழுவது மாதிரியான எதிரொலி.) நான் நிஜமாகவே சர்ச் ஆர்கன்காரன். கோத்தகிரியில் எங்கள் கொயருக்குப் பதினொரு வருஷம் கீபோர்டு வாசித்தவன். ஜங்கிள் என்றதும் அம்மா, "காடுதான் வாசல்லயே இருக்கே, அதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்.

கொயரில் முதல் பாடமே, ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) அடுத்த கார்டுக்குப் போகும்போது விரலை அதிகம் நகர்த்தாதே, இரண்டுக்கும் பொதுவான சுரத்தை விடாமல் பிடி என்பதுதான். ஞானப்பாட்டுக்கு அது அழகு. ஜங்கிள் பேடுக்கு அதுதான் வினை.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் இந்த இசையைச் செய்தவர்கள் பேடைப் பெரும்பாலும் சாம்ப்ளரில்தான், அதாவது பதிவு செய்த ஒலித் துண்டைக் கட்டைகளில் வாசிக்கவைக்கும் கருவியில்தான், வாசித்தார்கள். 1988இல் வந்த ஆகாய் எஸ்950 அப்போது பலரிடம் இருந்தது. 12 பிட், ஒரே நேரத்தில் எட்டுக் குரல், 750 கிலோபைட் மெமரி. காசு செலவழித்தால் 2.25 மெகாபைட். நான்கு சுரக் கார்டைத் தனித்தனிச் சுரமாக வாசித்தால் எட்டில் பாதி போய்விடும். டிரம்ஸுக்கு என்ன மிச்சம்? அதனால் பழைய ரெக்கார்டிலிருந்தோ வேறொரு சிந்திலிருந்தோ முழுக் கார்டையும் ஒரே சாம்பிளாக எடுத்து, ஒற்றை விரலில் வாசித்தார்கள். விரல், கறுப்பையும் சேர்த்து எண்ணி, மூன்று கட்டை மேலே போனால் கார்டு மொத்தமும், இடைவெளி மாறாமல், அப்படியே மூன்று கட்டை ஏறும். கொயர் மாஸ்டர் கேட்டால் பிரம்பை எடுப்பார். ஆனால் நீங்கள் தேடும் அந்த மிதப்பு அங்கிருந்துதான் வருகிறது. மேலே வாசித்தால் சாம்பிள் வேகமாக ஓடும், கீழே வாசித்தால் இழுபடும். ஃபில்டர் திறக்கும் நேரம்கூடக் கட்டைக்குக் கட்டை மாறும்.

இன்றைக்கு இதைச் செய்யச் செலவே இல்லை. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்ற கம்ப்யூட்டர் சிந்துகள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை) எடுத்து, ஒன்றை 8 முதல் 12 சென்ட் வரை விலக்குங்கள். அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவில் நூறு சென்ட். மேல் ஒலிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர் 600 ஹெர்ட்ஸில் தொடங்கி 2,000 வரை மெதுவாகத் திறந்து மூடட்டும். அட்டாக் (சத்தம் ஏறும் நேரம்) ஒரு செகண்ட், ரிலீஸ் (அடங்கும் நேரம்) மூன்று. ஃபில்டரை மெதுவாக ஏற்றி இறக்கும் அலையான எல்எஃப்ஓவைத் தாளத்தோடு பூட்டாதீர்கள். 165 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 165 அடி) நான்கு அடி கொண்ட எட்டு பார் என்பது 11.6 செகண்ட், எல்எஃப்ஓவுக்கு 17 செகண்ட் கொடுங்கள். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஃபில்டர் வேறு இடத்தில் திறக்கும். எங்கள் ஊரில் மிஸ்ட் அப்படித்தான் ஏறி வரும். சில்வர் ஓக் மரத்தின் அடி மறையும், பிறகு பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, பிறகு திடீரென்று கூரை மட்டும் திரும்பத் தெரியும்.

கார்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் பேட் மாறியதே இங்கேதான். ஏ மைனர் நைன்த் என்ற ஐந்து சுரக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடிச்சுரமான ஏவைப் பேடில் வாசிக்காதீர்கள். மிச்சம் சி, இ, ஜி, பி. ஏவை பேஸ் பார்த்துக்கொள்ளும். அதே நான்கு சுரம் ஒலித்துக்கொண்டிருக்க, பேஸ் மட்டும் எஃப்புக்கு இறங்கினால் வானம் வெளுத்த மாதிரி ஆகிவிடும், பேடைத் தொடவே வேண்டாம். அப்புறம் இந்தக் கார்டை ஆடியோவாக எடுத்து, சாம்ப்ளரில் போட்டு, சுரம் மாறினாலும் நீளம் மாறாமல் பிடித்துவைக்கும் டைம் ஸ்ட்ரெச்சை அணைத்துவிட்டு, ஒரே விரலில் மூன்று கட்டை ஏற்றுங்கள். இ பிளாட், ஜி, பி பிளாட், டி வரும். பேஸை சிக்குக் கொண்டுபோனால் சி மைனர் நைன்த். இவ்வளவுதான், ஒரு பாட்டுக்கு இது போதும்.

ஆர்கன் சத்தம் போக இன்னொன்று: 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேடில் எதையும் விடாதீர்கள். ரிவெர்புக்குள் போகும் சத்தத்திலும் அடியை வெட்டுங்கள். ரிவெர்பைக் கூட்டினால் பனி வரும் என்று நானும் நம்பியிருந்தேன், வந்தது சகதி.

இனி எங்கள் ஊர்ச் சமாச்சாரம். எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு தேயிலை பேக்டரி. கொழுந்தை வாடவைக்கும் விசிறிகள் ராத்திரி முழுக்க ஓடும், பேக்டரி டிரான்ஸ்பார்மரும் கூடவே முனகும். பேடுக்கு அடியில் டிரான்ஸ்பார்மரின் அந்த முனகலை மெலிதாக வைக்கலாம் என்று ஒரு ராத்திரி போனை நீட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் வேலியோரம் நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் டார்ச் அடித்து, "என்ன தம்பி, சிக்னல் கிடைக்கலையா?" என்றார். கரண்ட் சத்தத்தைப் பதிவு செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்தப் பக்கம் போய் நில்லுங்க, இங்க விசிறிச் சத்தந்தான் கேக்கும்" என்று அவரே நல்ல இடம் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பாட்டில் போட்டால் எதுவோ உறுத்தியது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும். ஜி சுரம் 98. அதாவது 35 சென்ட் தூக்கல். 35 சென்ட் இறக்கினேன், சரியாக உட்கார்ந்தது. மேலே சொன்ன இரண்டு பேட் கார்டிலும் ஜி இருக்கிறது, கவனித்தீர்களா? அதனால் கார்டு மாறும்போது, இறக்கிவைத்த முனகலை நகர்த்தாமலே விடலாம். அடியை வெட்டச் சொன்னது பேடுக்குத்தான், இதற்கு இல்லை. ஆனால் பேஸை அமுக்காத அளவுக்குக் குறைவாக வையுங்கள்.

தகரத்தில் விழும் மழையையும் சேர்த்துப் பார்த்தேன். அது கிட்டத்தட்ட வெள்ளை இரைச்சல்தான். ஏமன் பிரேக்கின், அதாவது ஜங்கிளில் அதிகம் வெட்டி ஒட்டப்படும் அந்தப் பழைய டிரம்ஸ் துண்டின், சிம்பலை அப்படியே விழுங்கிவிட்டது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிய பிறகுதான் டிரம்ஸ் வெளியே வந்தது. விடிகாலையில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவியை இரண்டு ஆக்டேவ் இறக்கிப் பாருங்கள். நான்கு மடங்கு நீண்டு, யாரோ புல்லாங்குழலைத் தூக்கத்தில் ஊதுகிற மாதிரி வரும்.

எல்லாம் முடித்து பேடை மட்டும் தனியாகக் கேட்டால் மெலிந்துபோய், ஏமாற்றமாக இருக்கும். பயந்துபோய் லேயர் சேர்க்காதீர்கள். டிரம்ஸையும் பேஸையும் ஓடவிட்டு, பேடின் சத்தத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே ஒரு டெசிபல் கூட்டுங்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன்.